அந்த போஸ்டர இனி என் கடையில மாட்டுறதா இல்ல

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

உங்க வாசகன்னு சொல்றதவிட உங்க பேப்பர் ஏஜென்ட்னு சொன்னாத்தான் சரியா இருக்கும். மணப்பாறை பக்கம், 1994ல இருந்து பேப்பர் போட்டுக்கிட்டு இருக்கேன். பேர் மட்டும் போட்டுறாதீங்க, கமிஷன் உங்க கையில இருக்கு பாருங்க, அதான். காலையில 4 மணிக்கு வேன் வந்து கட்ட தூக்கி போட்டுட்டு போயிரும், நானும் லைன் பசங்க மூணு பேரும் பஸ் ஸ்டாண்ட் ட்யூப்லைட்டுக்கு கீழ உக்காந்து இணைப்பு சொருகி எண்ணிப் பிரிச்சு 6 மணிக்குள்ள எல்லாத்தையும் அனுப்பிருவோம். 30 வருஷம் எண்ணினதுல கட்டைவிரல்ல ஏறின மை இப்ப தோல் கலராவே ஆயிருச்சு. ஆனா படிச்சேனான்னு கேட்டா, தலைப்பு படிப்பேன், விலைவாசி பாப்பேன், அவ்ளோதான்.

தற்கொலை செய்திய பெருசா போட்டு கடையில மாட்டச் சொல்லி நீங்க அனுப்புற போஸ்டரப் பத்தித்தான் இந்தக் கடிதம், எழுத வச்சது என் பொண்ணு. திருச்சியில ஜர்னலிசம் எம்.ஏ. ரெண்டாவது வருஷம் படிக்கிறா. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மாசத்து பேப்பர் வேணும்ப்பான்னு கேட்டா, நானும் சமையல் குறிப்பு ஏதாவது வெட்டி ஒட்டுவான்னு நெனச்சு எடைக்கு போடாம வச்சிருந்தத எடுத்துக் குடுத்தேன். பாத்தா திண்ணையில பேப்பர விரிச்சுப் போட்டு தற்கொலை செய்தி ஒன்னு விடாம சிவப்பு பேனாவுல வட்டம் போட்டுக்கிட்டு இருக்கா. வீட்டுக்காரம்மா வெளக்கு வைக்கிற நேரத்துல இதென்னடி கருமம்னு சத்தம் போட்டா, அவ காதுலயே வாங்கல.

இதுக்குப் பேரு கன்டென்ட் அனாலிசிஸாம். ஒரு கோட் ஷீட் வச்சிருந்தா, நம்ம சந்தா நோட்டு மாதிரி கோடு போட்டது. எந்தப் பக்கம், எத்தன காலம் அகலம், போட்டோ இருக்கா, தலைப்புலயே அந்த வார்த்த இருக்கா, எப்படி நடந்துச்சுன்னு வெவரம் இருக்கா, கடிதம் போட்டிருக்கா, காரணம் ஒன்னே ஒன்னுதான்னு சொல்லுதா, உதவிக்கு போன் நம்பர் இருக்கா. இருந்தா 1, இல்லேன்னா 0. இதுல என்னம்மா ஆராய்ச்சி இருக்கு, எண்ணுறதுதானே, நானுந்தான் 30 வருஷமா எண்ணுறேன்னு சிரிச்சேன். சரி அப்ப நீங்களே ரெண்டாவது கோடரா, அதான் இந்த 1, 0 போடுற ஆளா, உக்காருங்கன்னுட்டா. ஒரே ஆளு போட்டா அவங்க மனசுல இருக்கறதுதான் ஷீட்ல வருமாம், அதனால ரெண்டு பேரு ஒருத்தர் போட்டத ஒருத்தர் பாக்காம போடணும், கடைசியில எத்தன இடத்துல ஒத்துப்போச்சுன்னு பாக்கணும், ரொம்ப ஒத்துப்போகலேன்னா அந்த எண்ணிக்கைக்கே மதிப்பு இல்லையாம். கள்ள ஓட்டு போட முடியாத மாதிரி ஒரு ஏற்பாடுன்னு வச்சுக்கங்க.

ஒத்துப்போகல சார். ஒரு செய்தி, தலைப்பு 'மார்க் குறைந்ததால் மாணவி விபரீத முடிவு'. காரணம் ஒன்னா, ஆமா ஒன்னுதான், நான் 1 போட்டேன். அவ 0 போட்டிருக்கா. ஏன்னு கேட்டா ஏழாவது பாராவ காட்டுறா, அங்க அந்தப் புள்ளையோட அப்பா ஒரு மாசத்துக்கு முன்னாடிதான் எறந்துட்டாருன்னு ஒரு வரி கெடக்கு. நான் ஏழாவது பாரா வரைக்கும் போகவே இல்ல, ஊருல யாரு போறா? அதுக்கப்புறம் அவங்க மேடம்கிட்ட கேட்டு ஷீட்ல தலைப்புக்கு ஒரு காலம், செய்திக்கு ஒரு காலம்னு தனித்தனியா பிரிச்சோம். இன்னொன்னு, உணர்ச்சிய தூண்டுற வார்த்த இருக்கான்னு ஒரு காலம். 'உருக்கமான கடிதம் சிக்கியது'க்கு அவ 1, நான் 0. அது சும்மா பேப்பர் பாஷைம்மா, எல்லா நாளும் வர்றதுதானேன்னேன். அதத்தான் எண்ணுறேன்ப்பான்னா. எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா அந்த வார்த்த என் கண்ணுக்கே தெரியல, திருஷ்டி பூசணிக்கா மாதிரி தெனமும் வாசல்ல தொங்குது, யாரு நிமிந்து பாக்குறா.

எங்க கணக்க இங்க எழுதப் போறதில்ல, அது அப்பனும் மகளும் சேந்து ஒரே ஒரு பேப்பர ஒரு மாசம் பாத்தது, பரீட்சைக்கு மட்டும்தான் ஆகும். ஆனா இதே வேலைய பெருசா செஞ்சவங்க இருக்காங்க, அதுவும் எங்கயோ இல்ல, நம்ம தமிழ்நாட்டு பேப்பர்லயே. ஆஸ்திரேலியா ஆராய்ச்சியாளர்களும் சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்ப ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் சேந்து 2016 ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தமிழ்நாட்டுல அதிகம் ஓடுற 9 பேப்பர எடுத்து மொத்தம் 1,681 செய்திய இதே மாதிரி கோடு போட்டு எண்ணியிருக்காங்க, 2018ல அது வெளிவந்திருக்கு. 100 செய்தியில 43ல எப்படி நடந்துச்சுன்னு விலாவாரியா இருந்துச்சாம். உதவிக்கு கூப்பிட நம்பர் போட்டது? 100க்கு 3 கூட தேறல, 2.5. அந்த ஒன்பதுல நீங்க இருந்தீங்களான்னு பொண்ணு சொல்லல, நானும் கேக்கல, கேட்டா தெரிஞ்சுரும்ல.

இதெல்லாம் சரி, பேப்பர படிச்சுட்டா ஒருத்தன் சாவான்னு நீங்க கேப்பீங்க. நானும் அதத்தான் கேட்டேன். குடிக்கிறவன் போஸ்டர பாத்தா குடிக்கிறான், அவன் ஏற்கனவே குடிகாரன், போஸ்டர் என்ன பண்ணும்னு வாதம் பண்ணினேன். அதுக்கு அவ ஒரு ராத்திரி முழுக்க கத சொன்னா, எனக்கு நெனவு இருக்கறத சொல்றேன்.

அமெரிக்காவுல டேவிட் ஃபிலிப்ஸ்னு ஒரு சமூகவியல்காரர். 1947ல இருந்து 1968 வரைக்கும் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல வந்த தற்கொலை செய்தி எல்லாத்தையும் தேதியோட எடுத்துக்கிட்டாரு. இந்தப் பக்கம் அரசாங்கத்தோட மரணக் கணக்கு, மாசாமாசம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, செய்தி வந்ததுக்கப்புறம் கூடுதான்னு பாத்தாரு. கூடுச்சுன்னு எத வச்சு சொல்றது, சில மாசம் இயல்பாவே கூடும் சில மாசம் கொறையும், அதனால அதே மாசம் முந்தின வருஷம் எவ்ளோ, பிந்தின வருஷம் எவ்ளோன்னு பாத்து அதோட ஒப்பிட்டாரு. தீபாவளி மாச வியாபாரத்த ஆடி மாசத்தோட ஒப்பிடக் கூடாது, போன தீபாவளியோடதான் ஒப்பிடணும்ங்கற மாதிரி. கூடியிருந்துச்சு. எவ்ளோ பெருசா வந்துச்சோ அவ்ளோ கூடுதல், எந்த ஏரியாவுல அந்த செய்தி ஓடுச்சோ அங்கதான் கூடுதல். 1974ல இத எழுதினப்ப வெர்தர் விளைவுன்னு பேர் வச்சாரு. கதேன்னு ஜெர்மன் எழுத்தாளர் 1774ல ஒரு நாவல் எழுதி, அதுல வர்ற வெர்தர்ங்கற பையன மாதிரியே பசங்க சட்டையும் போட்டுக்கிட்டு சாகவும் செய்யறாங்கன்னு பயந்து லைப்சிக்ல அந்தப் புத்தகத்தையே தட பண்ணினாங்களாம், அந்தப் பேருதான்.

எனக்குப் பிடிச்சது இன்னொன்னு, ஏன்னா அது எங்க தொழில் சம்பந்தப்பட்டது. டெட்ராய்ட்ல 1967-68ல பேப்பர் ஸ்ட்ரைக், 268 நாள் பேப்பரே இல்ல. (268 நாள்! நம்ம ஊர்ல பொங்கலுக்கு மறுநாள் லீவு விட்டாலே டீக்கடையில என்ன அடிக்க வர்றாங்க.) ஜெரோம் மோட்டோன்னு ஒரு மனநல டாக்டர் இதுல பூந்து பாத்தாரு, அந்த 268 நாள்ல ஊருக்குள்ள என்ன நடந்துச்சுன்னு. பொம்பளைங்க தற்கொலை கொறஞ்சிருந்துச்சு, ஆம்பளைங்கள்ட்ட அப்படித் தெரியல. அதுக்கு முன்னாடி வேற ஊரு ஸ்ட்ரைக்குகள வச்சு பாத்தப்ப பெருசா ஒன்னும் சிக்கல. இந்த மாதிரி சிக்கலன்னும் எழுதி வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இவங்க மேல நம்பிக்க வந்துச்சு. ஏன்னா இந்த விஷயத்துல யாரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சு இந்தா படி சாகுறியான்னு சோதன பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. தானா நடக்குற ஸ்ட்ரைக்கு, சட்டம், புதுசா ஒரு ஊருக்கு வர்ற கரண்டு, கேபிளு இதுக்காக கொக்கு மாதிரி காத்திருந்துதான் புடிக்கணும்.

கேபிள்னு சொன்னதும் ஞாபகம் வருது, மீடியான்னா கெட்டது மட்டுந்தான் பண்ணும்னும் அவ சொல்லல. 2001ல இருந்து 2003 வரைக்கும் பீகார், ஹரியானா, கோவா, டெல்லி, நம்ம தமிழ்நாடு அஞ்சு எடத்துல வீடு வீடா திரும்பத் திரும்ப போய்க் கேட்டிருக்காங்க, அதுக்கு நடுவுல சில கிராமத்துக்கு புதுசா கேபிள் வந்திருக்கு. வந்த ஊர்ல, புருஷன் அடிக்கறது நியாயந்தான்னு சொல்ற பொம்பளைங்க கொறஞ்சிருக்காங்க, ஆம்பளப் புள்ளதான் வேணும்ங்கறதும் கொறஞ்சிருக்கு. ஜென்சன், ஆஸ்டர்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 2009ல எழுதினது. எங்க தெருவுல கேபிள் வந்தப்ப எல்லாம் குட்டிச்சுவராப் போகப் போகுதுன்னு பேசினவங்கள்ல நானும் ஒருத்தன், சரி விடுங்க.

உங்களுக்கு முக்கியமா சொல்ல வந்தது வியன்னா. ஆஸ்திரியா தலைநகரு. 1978ல அங்க மெட்ரோ ரயில் வந்துச்சு, 80கள் நடுவுல அதுல தற்கொலை கூடிக்கிட்டே போச்சு, பேப்பர்காரங்க ஒவ்வொன்னையும் பெருசு பெருசா போட்டாங்க. 1987 நடுவுல மனநல டாக்டருங்க உக்காந்து பேப்பர்காரங்களுக்கு ஒரு வழிமுற எழுதிக் குடுத்தாங்க, முதல் பக்கத்துல போடாதீங்க, போட்டோ வேண்டாம், எப்படின்னு எழுதாதீங்க, ஒரே காரணத்த கட்டி விடாதீங்கன்னு. ஆச்சரியம் என்னன்னா அவங்க கேட்டாங்க. போட்டா உள்பக்கத்துல சின்னதா, இல்லேன்னா போடவே இல்ல. அந்த வருஷம் முதல் ஆறு மாசத்தோட ஒப்பிட்டா பின் ஆறு மாசத்துல மெட்ரோவுல நடந்தது 80 சதவீதத்துக்கு மேல கொறஞ்சு போச்சு. அதுக்காக எந்த ஆஸ்பத்திரியும் கட்டல, எந்த மருந்தும் கண்டுபிடிக்கல, எடிட்டருங்க தலைப்ப மாத்தினாங்க, பக்கத்த மாத்தினாங்க, அவ்ளோதான் செலவு. அதனால எந்தப் பேப்பரும் மூடிப் போனதா பொண்ணு சொல்லல.

நம்ம நாட்டுலயும் விதி இல்லாம இல்ல. பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பர்ல இதே மாதிரி உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிமுறைய ஏத்துக்கிட்டு எல்லாப் பேப்பருக்கும் சொல்லியிருக்கு. முக்கிய இடத்துல போடாதே, திரும்பத் திரும்ப போடாதே, பரபரப்பு தலைப்பு வேண்டாம், வழிய விவரிக்காதே, இடத்த சொல்லாதே, போட்டோ வீடியோ வேண்டாம். அத பிரிண்ட் எடுத்து கோட் ஷீட் பக்கத்துல வச்சா, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. அப்ப உங்களுக்கு இது ஏற்கனவே தெரியும். தெரிஞ்சும் போன மே மாசம் ஒரு புள்ளையோட ஸ்கூல் ஐடி கார்டு போட்டோவ பெருசாக்கி முதல் பக்கத்துல நாலு காலம் போட்டிருக்கீங்க, டேக் கயிறு கூட தெரியுது, பக்கத்துலயே அதே புள்ள எழுதின கடிதத்த போட்டோ புடிச்சு போட்டிருக்கீங்க. எண்ணுறப்ப அந்தப் பக்கத்துக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் வரல, எல்லா காலத்துலயும் 1, கடைசி காலத்துல மட்டும் 0. போன் நம்பர்.

2022ல தற்கொலையால எறந்தவங்க நாடு முழுக்க 1,70,924 பேரு, அதுல தமிழ்நாட்டுல 19,834, இது அரசாங்கத்தோட தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு. இத்தன பேருக்கும் பேப்பர்தான் காரணம்னு சொன்னா நான் பைத்தியக்காரன். கடன், குடி, வியாதி, வீட்டுச் சண்ட, தனிமை, ஆயிரம் இருக்கு. நான் சொல்றது அந்த விளிம்புல நிக்கிற நாலு பேரப் பத்தி மட்டும்.

அப்படி நின்ன ஒருத்தன எனக்குத் தெரியும். 1996, ப்ளஸ் டூ ரிசல்ட். அப்பல்லாம் செல்போன் ஏது, மாலைப் பேப்பர்ல ஜில்லா வாரியா நம்பர் போடுவாங்க, எறும்பு மாதிரி எழுத்து, நம்பர் இருந்தா பாஸ், இல்லேன்னா இல்ல. கட்டு எறங்கறதுக்கு முன்னாடியே 200 பேரு நிப்பாங்க, என் சட்டையே கிழிஞ்சிருக்கு. அன்னைக்கு ஒரு பையன் பேப்பர வாங்கி தூண் ஓரமா நின்னு மூணு தடவ தேடினான், அப்புறம் வந்து, அண்ணே இதுல அச்சுப்பிழை இருக்கும்ணே, வேற பேப்பர் குடுங்கன்னு இன்னொரு பேப்பரையும் காசு குடுத்து வாங்கினான். அதுலயும் இல்ல. போகல அவன். கூட்டம் கலைஞ்சும் நிக்கிறான். டீ மாஸ்டர்தான் பாத்துட்டு கூப்பிட்டு ஒரு டீயக் குடுத்து பெஞ்சுல உக்கார வச்சு, கடைய சாத்துனதும் சைக்கிள்ல பின்னாடி ஏத்திக்கிட்டு போய் வீட்டுல விட்டுட்டு வந்தாரு. அந்தப் பையன் மறுபடி எழுதி பாஸாகி, இப்ப திருச்சி ரோட்டுல ஹார்டுவேர் கடை வச்சிருக்கான், எனக்கு சந்தாதாரர், காசு மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவதான் வரும். அன்னைக்கு ராத்திரி என்ன முடிவுல நின்னுக்கிட்டு இருந்தேன்னு போன வருஷம்தான் என்கிட்ட சொன்னான், மகனுக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கு.

இத பொண்ணுகிட்ட சொன்னப்ப அவ எழுந்தே உக்காந்துட்டா. இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்காம்! அதே வியன்னாவுல நீடர்க்ரோட்டன்தாலர்னு ஒருத்தர் (வாயில நுழையல, பொண்ணு எழுதிக் குடுத்தா) 2005 முதல் ஆறு மாசத்துல வந்த 497 செய்திய பிரிச்சுப் பாத்து 2010ல எழுதினாரு. செத்தத திரும்பத் திரும்ப போட்டதுக்கப்புறம் கணக்கு கூடியிருக்கு, ஆனா சாகணும்னு நெனச்சு அதத் தாண்டி வந்தவங்க கதைய போட்டதுக்கப்புறம் கணக்கு கொறஞ்சிருக்கு. மொசார்ட்டோட ஒரு இசை நாடகத்துல பாப்பகேனோன்னு ஒரு பறவ பிடிக்கிறவன், அவன் மனசொடிஞ்சு நிக்கிறப்ப மூணு பசங்க வந்து வேற வழி இருக்குடான்னு ஞாபகப்படுத்துவாங்களாம், அதனால பாப்பகேனோ விளைவு. எங்க ஊரு டீ மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது, எறந்தும் போயிட்டாரு. உங்க நிருபர் எங்க ஊருக்கு வந்தா அந்த ஹார்டுவேர் கடைக்காரர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன், பேர மாத்திப் போடுறதா இருந்தா பேசத் தயார்னு சொல்லியிருக்கான்.

இப்ப எங்க சமாச்சாரத்துக்கு வர்றேன், போஸ்டர். பொண்ணோட கோட் ஷீட்ல பக்கம் இருக்கு, காலம் இருக்கு, போட்டோ இருக்கு, போஸ்டருக்கு காலமே இல்ல. ஏம்மா விட்டேன்னேன், அது பேப்பருக்குள்ள வராதேப்பான்னா. சார், எனக்கு தெரிஞ்சு எங்க ஊர்ல பேப்பர் வாங்குறவன விட போஸ்டர் படிக்கிறவன் பத்து மடங்கு. பஸ்ஸுக்கு நிக்கிற ஸ்கூல் புள்ளைங்க, வேலைக்கு போற பொம்பளைங்க, எல்லாரும் கடை முன்னாடி கயித்துல தொங்குற அந்த நாலு வரியத்தான் படிக்கிறாங்க. அதுல ஏழாவது பாராவும் கெடையாது, போன் நம்பரும் கெடையாது. 'மாணவி விபரீத முடிவு - உருக்கமான கடிதம் - முழு விவரம் உள்ளே'. அப்புறம் டீக்கடையில ஒருத்தர் வாங்கி சத்தமா படிப்பாரு, நடுவுல சொந்தச் சரக்கையும் சேப்பாரு, மத்தவங்க அத வீட்டுக்கு கொண்டு போவாங்க. 1940ல அமெரிக்காவுல ஒஹாயோல ஒரு கவுண்ட்டியில எலக்சன் சமயத்துல லாசர்ஸ்ஃபெல்டுன்னு ஒருத்தர் ஜனங்கள மாசாமாசம் கேட்டுப் பாத்து, செய்தி நேரா ஜனங்களுக்கு போறத விட நாலு விஷயம் படிக்கிற ஒரு ஆளு வழியாத்தான் போகுதுன்னு கண்டுபிடிச்சாராம். எங்க டீக்கடைக்கு வந்திருந்தா ஒரு வடை தின்னுற நேரத்துல தெரிஞ்சிருக்கும்.

இந்த போஸ்டர 30 வருஷமா மாட்டினது நான்தான். எனக்கு அது தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். எந்த போஸ்டருக்கு எத்தன காப்பி கூட ஓடும்னு உங்க சர்க்குலேஷன் ஆபீஸுக்கே போன் போட்டு சொன்னவன் நான், இந்த மாதிரி போஸ்டர் வந்தா 15 காப்பி கூட கேட்டு வாங்கியிருக்கேன். அதனால உங்கள மட்டும் குத்தம் சொல்லி எழுதல.

கேக்கறது இதுதான். மே மாசம் ரிசல்ட் வருது. 2017ல அரசாங்கம் ரேங்க் சொல்றதையே நிறுத்துச்சு, மாநில முதலிடம்னு போட்டோ போட முடியாம போச்சேன்னு அப்ப எல்லாப் பேப்பரும் தவிச்சுச்சு, ஒரு வருஷத்துல பழகிருச்சு, எனக்கும் வியாபாரம் ஒன்னும் கொறையல. அதே மாதிரி இந்த செய்திய உள்பக்கத்துல ரெண்டு பாராவுல முடிச்சிருங்க. போட்டோ வேண்டாம், கடிதம் வேண்டாம், வழி வேண்டாம், 'மார்க் குறைந்ததால்' வேண்டாம். செய்திக்கு கீழ நம்பர் போடுங்க, போடுறப்ப லென்ஸ் வச்சு தேடுற சைஸ்ல போடாதீங்க, துணிக்கடை விளம்பரத்துல தள்ளுபடி போடுறீங்கள்ல அந்த சைஸுக்கு போடுங்க: அரசாங்கத்தோட மனநல உதவி டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி 104, சினேகா 044-24640050. போஸ்டர்ல தற்கொலை செய்திய எழுதவே எழுதாதீங்க.

போன வாரம் ஒன்னு அனுப்பியிருந்தீங்க. நான் திருப்பி மாட்டினேன், பின்பக்கம் வெள்ளைத் தாள். ரெண்டு பேரு வந்து என்ன அண்ணே இன்னைக்கு பேப்பர் வரலையான்னு கேட்டாங்க. வந்துச்சு தம்பின்னு குடுத்தேன். அன்னைக்கு 11 காப்பி ரிட்டர்ன், வழக்கமா 3, 4தான் நிக்கும். அந்த ரிட்டர்ன ஏன் இவ்ளோன்னு உங்க ஆபீஸ்ல இருந்து கேட்டாங்க, மழைன்னு சொல்லி வச்சிருக்கேன், மழை இல்ல.

இப்படிக்கு,
உங்க ஏஜென்ட்,
மணப்பாறை பக்கம்.

பி.கு: திங்கக்கிழமை கட்டுல 6 காப்பி கம்மியா இருந்துச்சு, பில்லுல கழிக்க சொல்லுங்க.